கோளாறு எங்கே? வன்னியில் கையால் கட்டிய பிளைவுட் பாய்ப்படகைச் சரிபார்க்கும் வழி

படகு ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் அண்ணாந்து பாயைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். முதல் வருடம் முழுவதும் பாயைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். கடைசியில் பார்த்தால் பாயில் ஒரு பிழையும் இல்லை. படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்க நடுவால் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை, அதன் பெட்டிக்குள் இறுகி, நாலு விரல் மேலேயே நின்றிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் நான் இருக்கும் இடம், பிறகு கயிறு, பிறகு தண்ணீருக்குக் கீழே இருப்பவை, கடைசியில்தான் பாய். காசு செலவாகாத காரணங்களை முதலில் தேட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வதெல்லாம் மிரர் வகைப் படகை வைத்து. 1962 இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வீட்டில் கட்டுவதற்கென்றே வரைந்த படகு அது. 3.3 மீற்றர் நீளம், மூக்கு வெட்டிய அணியம் (முன்முனை), இரண்டு பேர். பலகைகளைச் செப்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்து, மூட்டில் கண்ணாடியிழை நாடா ஒட்டினால் உடல் முடிந்தது. குட்டைப் பாய்மரம், அதன்மேல் ஏறி நிற்கும் ஒரு மேல்தடி, ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய். தடிகளையெல்லாம் கழற்றிப் படகுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடலாம். லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக் குளத்துக்கோ களப்புக்கோ கொண்டுபோக அது பெரிய வசதி. வேறு பிளைவுட் படகு கட்டியவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியும் காலத்தில் சோளகம் என்ற தென்மேல் காற்று பிடிக்கத் தொடங்கும். புரட்டாதி வரை அதுதான் ராசா. முல்லைத்தீவுக் கரையில் அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரித் தெரியும், அலை இருக்காது. எதிர்காற்றுக்கு ஏறத் தெரியாத படகு அதில் போனால் திரும்பி வராது. ஆகவே கோளாறு பார்க்கும் ஓட்டமெல்லாம் நந்திக்கடல், நாயாறு போன்ற களப்பில் அல்லது குளத்தில்தான். அங்கேயும் இறால் வலைத் தடிகளுக்குக் கிட்டப் போகாதீர்கள், அது ஒருவரின் அன்றாடச் சோறு. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறுபவருக்கு இந்தக் குறிப்பு எழுதப்படவில்லை.

எபொக்சி பிசுபிசுக்கிறது, இறுகவே இல்லை

எபொக்சி என்பது ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹாட்னரையும் கலந்து பலகையில் ஒட்டவும் பூசவும் எடுக்கும் பசை. எங்கள் பக்கத்தில் இது இறுகாமல் போவது அடிக்கடி நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஃபைபர் போட் திருத்தத் தெரிந்தவர்கள் ஏராளம். அவர்கள் கை பழகியது பொலியெஸ்டர் ரெசினில். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஹாட்னர் விட்டால் அது இறுகும், இரண்டு சொட்டுக் கூட விட்டால் கெதியாக இறுகும். எபொக்சி அந்தச் சாதி இல்லை. அதில் ஹாட்னர் தூண்டிவிடும் மருந்து அல்ல, ரெசினோடு சேர்ந்து பொருளாகவே மாறுகிற பாதி ஆள். இரண்டுக்கு ஒன்று என்று டின்னில் போட்டிருந்தால் இரண்டுக்கு ஒன்றுதான். கூட விட்டாலும் கெடும், குறைய விட்டாலும் கெடும். எனக்கு உதவ வந்த அண்ணர் ஒருவர், இருபது வருடம் ஃபைபர் வேலை செய்த கை, "கெதியா இறுகட்டும் தம்பி" என்று இன்னொரு மூடி ஹாட்னர் ஊற்றினார். மூன்று நாள் கழித்தும் அந்த மூட்டு பலாப்பால் மாதிரி இருந்தது.

அப்படி ஆகிவிட்டால் மேலே நல்ல கலவை பூசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுரண்டி எடுத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, திரும்பச் செய்ய வேண்டியதுதான். அளப்பதற்குத் தராசு அல்லது ஊசி போடும் சிரிஞ்ச் வையுங்கள். கண்மட்டம் வேண்டாம். டின்னில் சொன்ன அளவு நிறையா கனவளவா என்றும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

நன்றாக இறுகியிருக்கிறது, ஆனால் மேலே மெழுகு பூசியது போல வழுக்குகிறது என்றால் கலவை சரி, காற்றில் ஈரம் கூட. வடகீழ்க் காற்று வீசும் வாடைக் காலத்தில் அந்திக்குப் பிறகு பூசினால் இப்படி வரும். தண்ணீரும் தேங்காய்த் தும்பும் போதும், வடிவாகத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அதன் பிறகு சாண்ட் பேப்பர். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகைப் பலகைக்குள்ளேயே ஏற்றிவிடுவீர்கள், அடுத்த பூச்சு உரியும்.

இதற்கு நேரெதிர்: கலந்து முடிவதற்குள் டப்பா புகைகிறது. எபொக்சி இறுகும்போது சூடு வரும். ஆழமான டப்பாவில் சூடு வெளியே போக வழியில்லை. வெப்பநிலை 10 பாகை கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய இருபது நிமிடத்தை நம்பிச் சித்திரை வெயிலில் இறங்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றி வைத்து வேலை செய்யுங்கள்.

பூச்சில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது

பலகைக்குள் இருக்கும் காற்று வெளியே வருகிறது. காலையில் பூசினால் நேரம் போகப் போகப் பலகை சூடாகும், உள்ளே காற்று விரியும், பூச்சைத் தள்ளிக்கொண்டு கொப்புளம் எழும். மாலை நாலு மணிக்குப் பிறகு, சூடு இறங்கும் நேரத்தில் பூசிப் பாருங்கள். காற்று சுருங்கும்போது பலகை பூச்சை உள்ளே உறிஞ்சிக் கொள்ளும். மேலே சொன்ன ஈரத்தோடு இது முட்டும், உண்மைதான். அதனால்தான் நான் மாசி, பங்குனியில் பூசுகிறேன்.

கண்ணாடியிழை வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது

நூல்களைக் கன்னாபின்னாவென்று கொட்டி அழுத்திய, படுக்கும் பாய் போன்ற இழையை எபொக்சியோடு போட்டிருப்பீர்கள். அந்த இழைகளைப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்டர் ரெசினில்தான் கரையும். நெய்த துணியும் நெய்த நாடாவும் வாங்குங்கள்.

பலகை ஓரம் கறுக்கிறது, தாள் தாளாகப் பிரிகிறது

இரண்டு சந்தேகம். ஒன்று, பிளைவுட்டே சரியில்லை. மரைன் என்று முத்திரை குத்தி வருவதெல்லாம் மரைன் இல்லை. வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பானையில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் அவித்து, வெயிலில் காயவைத்து, திரும்ப அவியுங்கள். பசை நல்லதென்றால் தாள் பிரியாது. வெட்டிய ஓரத்தையும் பாருங்கள்: நடுத் தாளில் ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகையில் மேசை செய்யலாம், படகு செய்யக்கூடாது.

இரண்டாவது, வெட்டிய ஓரத்தை நீங்கள் மூடவில்லை. தண்ணீர் பலகையின் முகத்தால் மெல்லத்தான் போகும், ஓரத்தால் ஓடும். ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒவ்வொரு ஆணித் துளைக்கும் எபொக்சி காட்ட வேண்டும்.

பலர் உப்புத் தண்ணீரைத்தான் குறை சொல்கிறார்கள். மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு உப்பு பிடிக்காது. மாரி மழையில் படகை நிமிர்த்தி வைத்து, உள்ளே தேங்கிய நல்ல தண்ணீரோடு தைப்பொங்கல் வரை விடுவதுதான் உண்மையான நாசம். கவிழ்த்து வையுங்கள், கீழே காற்றோட இடம் விடுங்கள், நிலத்தில் தொடவிடாதீர்கள். வன்னிக் கறையானுக்குப் பந்தயப் படகென்றும் வேலிக் கதியாலென்றும் வித்தியாசம் தெரியாது.

காற்றறைக்குள் தண்ணீர்

மிரரில் அணியத்திலும் பின்பக்கத்திலும் இரண்டு ஓரங்களிலும் மூடிய அறைகள் உண்டு. கவிழ்ந்தால் படகு மூழ்காமல் நிற்பது இவற்றால்தான். ஓட்டம் முடிந்து அடைப்பைத் திறக்கும்போது ஒரு கோப்பைத் தண்ணீர் வந்தால்கூட அதைக் கவனிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். கரையில் சோதித்தால் எந்த ஓட்டையும் இல்லை. தண்ணீரில் விட்டால் ஒவ்வொரு முறையும் அரை லீற்றர். மாதக்கணக்காகப் பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது: படகு பத்து மணி வெயிலில் மணலில் கிடக்கிறது, அறைக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கிறது, அந்த நிலையில் அடைப்பை இறுக்கித் தண்ணீரில் இறக்குகிறேன். காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அதனூடாக அறை தண்ணீரைக் குடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தேடிக் கொடுத்ததே அந்த வெயில்தான். இப்போது தண்ணீரில் இறக்கி, கொஞ்ச நேரம் குளிரவிட்டு, கரையோரத்திலேயே அடைப்பை மூடுகிறேன். கரையேறியதும் முதல் வேலை அடைப்பைக் கழற்றுவது. மூடியபடி வெயிலில் விட்டால் விரியும் காற்று மூட்டையே பிளக்கும்.

துளையைத் தேட: அடைப்புத் துளையில் ஒரு ரியூப்பைச் செருகி வாயால் ஊதி, இன்னொருவரைச் சவர்க்கார நுரையை மூட்டெல்லாம் பூசச் சொல்லுங்கள். சைக்கிள் பம்ப் வேண்டாம், பெரிய பலகையில் சின்ன அழுத்தமும் பெரிய விசையாகி மூட்டைத் திறந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது செப்புக் கம்பி போன துளைகள். நாடா மேலால் போயிருக்கும், அடியில் கம்பியோரம் நுண்துளை இருக்கும். அடுத்தது அடைப்பின் வளையம். உட்காரும் பகுதிக்குள் தண்ணீர் வருகிறதென்றால் பத்தில் எட்டு முறை நடுப்பலகைப் பெட்டியின் அடி மூட்டு. எட்டு என்பது என் அனுபவக் கணக்கு, எங்கும் எழுதி வைத்ததில்லை.

எதிர்காற்றுக்கு ஏறாமல் பக்கவாட்டில் வழுக்குகிறது

காற்றுக்கு நேரே எந்தப் பாய்ப்படகும் போகாது, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். வழுக்குகிறதா என்று தெரிய, பின்னால் திரும்பித் தண்ணீரில் விழும் கோட்டைப் பாருங்கள். கோடு படகின் நேர்பின்னால் போனால் சரி. காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து போனால் வழுக்குகிறது.

நடுப்பலகை முழுதாக இறங்கியிருக்கிறதா? பலகையின் தலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், பார்த்தவுடன் தெரியும். நந்திக்கடலில் தண்ணீர் வற்றும் காலத்தில் சேறு தட்டும் என்று பாதி தூக்கிவிட்டு, ஆழத்துக்கு வந்ததும் மறந்துவிடுவோம். அடுத்தது பலகையின் வடிவம். வெட்டிய சதுர ஓரத்தோடு விட்டால் அது வெறும் பலகை. முன்னோரம் முட்டைமுனை போல உருண்டு, பின்னோரம் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மெலிந்து முடிய வேண்டும். சீவுளியோடு ஒரு பின்னேரம் செலவழித்தால் புதுப் பாய் வாங்கிய பலன் கிடைக்கும்.

வேகம் இல்லாமலே காற்றுக்குள் மூக்கை நுழைப்பது இன்னொரு பிழை. நடுப்பலகை வேலை செய்வது தண்ணீர் அதைத் தாண்டி ஓடும்போதுதான். முதலில் கொஞ்சம் விலகி ஓடி வேகம் எடுங்கள், பிறகு மெல்ல மெல்ல ஏற்றுங்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் பிடிகயிற்றை வயிறு இறுகும்வரை இழுத்து வைத்திருந்தால் பாய் மூச்சடைத்து நிற்கும்.

இவ்வளவும் சரியென்றால் முன்பாயின் ஏற்றுகயிறு. மிரரில் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். அது தொய்ந்தால் முன்பாயின் முன்விளிம்பு வில்லாக வளையும், படகு காற்றுக்குக் கிட்டப் போகாது. மீன்பிடிக் கடையில் வாங்கிய நைலோன் கயிற்றைப் போட்டிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். நைலோன் இழுபடும். நங்கூரத்துக்கு அது நல்ல குணம், ஏற்றுகயிற்றுக்குக் கூடாத குணம். பின்னிய பொலியெஸ்டர் கயிறு போடுங்கள்.

சுக்கான் கையைப் பிடுங்குகிறது

படகு தானாகவே காற்றுக்குள் திரும்பப் பார்க்கிறது, நீங்கள் சுக்கான் பிடியோடு மல்லுக்கட்டுகிறீர்கள். பட்டத்துக்கு முச்சை (நூலைப் பூட்டும் கட்டு) கட்டத் தெரிந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. முச்சை ஒரு விரல் மேலே கீழே போனால் பட்டம் குத்தும் அல்லது சுற்றும். படகில் காற்று பாயைத் தள்ளும் இடம் ஒன்று, தண்ணீர் நடுப்பலகையைத் தாங்கும் இடம் இன்னொன்று. தள்ளும் இடம் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் மூக்கு காற்றுக்குள் ஓடும்.

ஆனால் உடனே பாய்மரத்தை அசைக்கப் போகாதீர்கள். முதலில் படகு சாய்ந்து ஓடுகிறதா பாருங்கள். சாய்ந்தாலே அது காற்றுக்குள் திரும்பும். வெளியே நீட்டிக் குந்தி நிமிர்த்துங்கள், பெரிய பாயை ஒரு சாண் இளக்குங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீரும். அடுத்து சுக்கான் அலகு. அது முழுதாக இறங்காமல் பின்னால் சரிந்து நின்றால், படகு சமநிலையில் இருந்தாலும் கை கனக்கும். என் மச்சான் இதற்காகப் பாய்மரத்தை மூன்று முறை நகர்த்தினார். கடைசியில் சுக்கான் அலகின் கயிறுதான் வழுக்கியிருந்தது. இவையெல்லாம் சரியாக இருந்தும் கை கனத்தால் மட்டும் பாய்மரத்தைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள், ஒரு முறைக்கு ஒரு விரல் அகலம். மெல்லிய காற்றில் இலேசாக இழுத்தால் விடுங்கள், அந்த இழுப்பில்தான் படகின் நாடி கைக்குத் தெரியும்.

சுக்கான் விண் கூவுகிறது

பட்டத்தில் காற்றில் கூவும் விண் நாடா பூட்டியது போலவே சத்தம் வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். அலகின் பின்னோரம் தடித்திருக்கிறது. மெலித்துச் சதுரமாக வெட்டுங்கள். பூட்டுகள் ஆடினாலும் கூவும்.

பாயில் சுருக்கம்

சுருக்கம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பாருங்கள், அது குற்றவாளியை விரல் நீட்டிக் காட்டும்.

முன்விளிம்பிலிருந்து சின்னச் சின்னக் கோடுகள் குறுக்கே ஓடினால் முன்விளிம்பு தொய்வு, கீழே இழுத்துக் கட்டுங்கள். முன்விளிம்போடு சேர்ந்து மேலிருந்து கீழே ஒரே மடிப்பு விழுந்தால் இறுக்கம் கூட. மேல்தடியின் அடிமுனையிலிருந்து பாயின் பின்மூலைக்குச் சாய்வாக ஒரு பெரிய மடிப்பு ஓடுகிறதா? மேல்தடி பின்னால் சரிந்துவிட்டது, இன்னும் உயர்த்த வேண்டும். அது கரையில் சரியாக நின்று தண்ணீரில் சரிந்தால் மறுபடியும் அந்த நைலோன் கயிறுதான். மேல்தடியின் உச்சியிலிருந்து பாயின் முன்மூலைக்கு மடிப்பு வந்தால் எதிர்ப் பிழை, அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறீர்கள்.

சுருக்கமே இல்லை, ஆனால் பாய் தட்டையாக வேட்டி காயப்போட்டது மாதிரி இருக்கிறது என்றால் வெட்டும்போதே வந்த பிழை. முன்விளிம்பை நேர்கோட்டில் வெட்டியிருப்பீர்கள். நேரான மரத்தில் ஏற்றும்போது வயிறு விழ வேண்டுமென்றால் விளிம்பை வெளியே கொஞ்சம் வளைத்து வெட்ட வேண்டும். வயிற்றின் ஆழமான இடம் முன்னாலிருந்து நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் விழுந்தால் நல்லது.

பின்விளிம்பு படபடக்கிறது

விளிம்பின் மடிப்புக்குள்ளே ஓடும் மெல்லிய கயிற்றைப் படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள், கூட இழுத்தால் விளிம்பு கொக்கி மாதிரி வளையும். பாயில் செருகும் சலாகை உடைந்திருந்தாலும் படபடக்கும். நான் கமுகஞ் சலாகையைச் சீவி, முன்முனையை மெலித்துப் போடுகிறேன். கடைச் சலாகையைவிட மோசமில்லை.

தறப்பாள் பாய் ஒரே பருவத்தில் தொய்ந்துவிட்டது

பழகுவதற்குத் தறப்பாளில் பாய் தைப்பது நல்ல யோசனை. நான் முற்றத்தில் தறப்பாளை விரித்து சோக்கட்டியால் கோடு போட்டபோது அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். இந்தத் துணிக்குக் கீழே எத்தனை மாரி கழித்தோம் என்று எங்கள் வீட்டில் யாரும் கணக்குச் சொல்வதில்லை. பாய் ஏறி முதன்முதல் காற்றுப் பிடித்த அன்று அவரும் களப்புக் கரைக்கு வந்திருந்தார்.

சரி, தொய்வுக்கு வருவோம். தறப்பாள் நெசவின் நேரே இழுத்தால் தாங்கும், மூலைவிட்டமாக இழுத்தால் நீளும். நெசவு பின்விளிம்போடு சமாந்தரமாக ஓடும்படி வெட்டுங்கள், மூலைகளில் மூன்று நாலு மடிப்பு வையுங்கள். நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறும், வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் வேண்டும். பருத்தி நூல் வெயிலில் உளுத்துவிடும், பொலியெஸ்டர் நூல் போடுங்கள். எப்படித் தைத்தாலும் வெயில் அதைத் தின்னும். பந்தயம் என்று வந்தால் அளவு பார்த்து வெட்டிய டக்ரோன் (பொலியெஸ்டர் பாய்த்துணி) பாய்தான்.

எல்லாம் சரி, ஆனாலும் மற்றப் படகு முந்துகிறது

நிறுத்துப் பார்த்தீர்களா? மிரரின் வெற்று உடல் குறைந்தது 45.5 கிலோ இருக்க வேண்டும் என்பது பந்தய விதி. நெல் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டபோது என்னுடையது 58. எபொக்சியை அள்ளி அப்பியதன் விலை அது. ரெசினில் நனைந்த கண்ணாடியிழைத் துணிக்கு மேலே மினுமினுப்பாக நிற்கும் ரெசின் பலம் தராது, பாரம்தான் தரும். கட்டி முடித்த படகில் இதைத் திருத்த வழியில்லை, அடுத்த படகுக்கு ஞாபகம் வையுங்கள்.

திருத்தக்கூடியது நீங்கள் குந்தும் இடம். பின்பக்கத்தில் தண்ணீர் களகளவென்று கொப்பளித்தால் பின்னால் பாரம் கூட, இருவரும் ஒரு முழம் முன்னால் வாருங்கள். மெல்லிய காற்றில் படகைக் காற்று போகும் பக்கம் இலேசாகச் சாய்த்து வையுங்கள், பாய் தன் பாரத்திலேயே வயிறு பிடிக்கும். நடுப்பலகையில் சாதாளை என்ற நீர்ப்பூண்டு சுற்றியிருக்கிறதா என்றும் தூக்கிப் பாருங்கள். களப்பில் நான் தோற்ற ஓட்டங்களில் பாதி சாதாளையால்.

அதற்கும் பிடிபடவில்லையென்றால் இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் ஓட்டுங்கள். ஒரு படகில் எதையும் தொடாதீர்கள். மற்றதில் ஒரே ஒரு கயிற்றை மாற்றி ஐந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். பிறகு அடுத்த கயிறு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் இரவு முழுக்க மச்சானோடு வாதாட வேண்டி வரும்.

கவிழ்ந்து நிமிர்த்திய பிறகு திரும்பவும் கவிழ்கிறது

உள்ளே நிற்கும் தண்ணீர் ஒரு பக்கம் ஓடிப் படகைச் சரிக்கிறது. ஒருவர் பின்பக்கத்தால் ஏறி நடுவில் குந்தி வாளியால் இறைக்கட்டும், மற்றவர் தண்ணீரில் நின்றபடி அணியத்தைக் காற்றுக்கு நேரே பிடிக்கட்டும். பிடிகயிறுகள் எல்லாம் இளக்கியிருக்க வேண்டும். வாளியைக் கயிற்றால் கட்டி வையுங்கள். கட்டாத என் வாளி இப்போது நாயாற்றில் எந்த நண்டுக்கோ வீடாக இருக்கும்.